உதயபானு பெட்டியும் சுசீலாவின் கல்யாணமும்

தட்டில் மருந்தை ஊற்றி, இரண்டு பிலிம்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்த்தினேன். தலைக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கதவுக்கு வெளியே கன்டோன்மென்ட் தெருவில் ஒரு ஜட்காக்காரன் யாருடனோ கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பிற்பகல் மூன்று மணி இருக்கும். அன்று காலையில்தான் என் தங்கை சுசீலாவுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. என் சட்டையில் சாமந்தி வாசனை இன்னும் போகவில்லை.

நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்கு வெள்ளைப் புடவை. அதனால் முதலில் அந்தப் புடவைதான் எழும்பும் என்று தட்டின் மேல் குனிந்து காத்திருந்தேன்.

புடவை எழும்பவில்லை. பிலிம் முழுவதும் ஒரே சமயத்தில் கறுத்தது. நடு, மூலை, ஓரம் எல்லாம் கறுத்தது.

பிலிமின் ஓரத்தில் நூல் அகலத்துக்கு ஒரு பகுதி, கேமராவில் பிலிமைப் பிடித்துவைக்கும் ஸ்லைடு சட்டத்தின் விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். கேமராவுக்குள் வரும் வெளிச்சம் அதன் மேல் படவே படாது. என்ன தப்பாக எடுத்தாலும் அந்த ஓரம் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக நிற்க வேண்டும். அதுவும் கறுத்திருந்தது. படம் கேமராவில் கெடவில்லை, இங்கே, என் தலைக்கு மேல் எரியும் பல்பில் கெட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எந்தப் பெட்டி அது, அதன் மேல் லேபிளை ஒட்டிய கை யாருடையது என்பதும் அதே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கை என்னுடையது.

கேட்கிற ஆளைப் பொறுத்து ஊர் மாறும்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒன்றிரண்டு வரி. நான் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்தில் கல்தூசி தின்று செத்தார். அதன் பிறகு அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் மர்பி டவுனுக்கு வந்து, ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டார்க் ரூம் ஆளாகச் சேர்ந்தேன். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

ஸ்டுடியோ முதலாளியின் பெயர் சம்பந்தம். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், நாக்கில் தேன். ரிட்டச்சிங் பென்சிலால் கிழவிகளைக் குமரிகளாக்கும் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றி கெட்டவன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டுச் சரக்கு வருவதற்கு சர்க்கார் கெடுபிடி செய்துவிட்டது. பிலிம் கிடைக்கவில்லை. பேர்போன மஞ்சள் பெட்டி, நீலப் பெட்டிகளை எல்லாம் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டே இரண்டு படம்தான் என்று சொல்லிவிடுவோம். கண்ணை மூடிக்கொண்டவர்கள் மூடிக்கொண்டவர்கள்தான்.

அப்போதுதான் ஸ்டுடியோவுக்குள் உதயபானு வந்து இறங்கியது. மலை, மலைக்குப் பின்னால் சூரியன், அதன் கீழே இங்கிலீஷிலும் இந்தியிலும் பெயர். உயர்ந்த ரகம் என்று போட்டிருந்தது. எந்த ஊரில் செய்தது என்று மட்டும் போடவில்லை.

“நம்ம நாட்டுச் சரக்கு, மாணிக்கம். இனிமே வெள்ளக்காரன் கையை எதிர்பார்க்க வேணாம்,” என்றார் சம்பந்தம்.

“ஃபேக்டரி எங்க சார் இருக்குது?”

“பம்பாயில.”

அடுத்த வாரம் ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது கல்கத்தா என்றார். இன்னொருவரிடம் பெல்ஜியம்காரனோடு கூட்டு என்றார். ராணுவத்தில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியர் கேட்டபோது ஜெர்மனி என்று காதோடு சொன்னார். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியத்தானே செய்யும்.

எனக்குச் சந்தேகம் வந்தது விரலால். நல்ல கம்பெனி பிலிம்களில் ஒரு மூலையில் சின்னச் சின்ன வெட்டு இருக்கும். இருட்டில் தடவிப் பார்த்தே இது இன்னார் செய்தது, இன்ன ரகம், மருந்து பூசிய பக்கம் இது என்று சொல்லிவிடலாம். உதயபானுவில் வெட்டே கிடையாது. நான்கு மூலையும் கத்தரித்த மாதிரி மொட்டையாக இருக்கும். மருந்துப் பக்கம் எது என்று தெரிய, ஈரமான கீழுதட்டில் ஓரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் அதுதான் பக்கம்.

இங்கே ஒரு பழைய கோபத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பெங்களூர் வந்த புதிதில் வீடு தேடிக்கொண்டு அல்சூர் பக்கம் அலைந்தேன். “சொந்த ஊர் எது? அதில எந்தத் தெரு?” என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. வட ஆற்காட்டில் எங்கள் பாட்டன் பிறந்த தெருவரைக்கும் துருவுவார்கள். பதில் சொன்னதும் “ரூம் நேத்தே கொடுத்துட்டோம்” என்பார்கள். அதே ஆட்கள் ஊரும் பேரும் தெரியாத பிலிமை வாங்கி, அதில் தங்கள் பெண்களைப் படம் எடுத்து, கூடத்தில் மாட்டிக்கொண்டார்கள். பெட்டியை மட்டும் எவனும் தெருப் பேர் கேட்கவில்லை.

அடுகோடி ஷெட்

உதயபானுவின் ஃபேக்டரியை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அது பம்பாயிலும் இல்லை, பெல்ஜியத்திலும் இல்லை. அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் தகரம் போட்ட ஷெட்டாக இருந்தது. சம்பந்தமே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நம்பிக்கையான, இருட்டில் வேலை தெரிந்த கை வேண்டும் என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஷெட்டைப் பார்த்துக்கொண்டவர் ருத்ரப்பா. யுத்த காலத்தில் மிலிட்டரி ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்தவர். உள்ளே தகர டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் முழ அகலச் சுருள். டப்பாவின் மேல் இருந்த எழுத்தை பிளேடால் சுரண்டியிருந்தார்கள். ஒன்றில் ஒரு எழுத்தின் கால் மட்டும் மிச்சம் இருந்தது. அது இங்கிலீஷா, வேறு பாஷையா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

“விமானத்திலிருந்து போட்டோ எடுக்கிற பிலிம் சாமி. அமெரிக்காக்காரன் விட்டுட்டு ஹோதான்,” என்றார் ருத்ரப்பா. இன்னொரு நாள் இது ஆஸ்பத்திரிக்கு வந்த சரக்கு என்றார். அவருக்கும் தெரியாது என்பதுதான் என் எண்ணம். ஏலத்தில் எடுத்தவன் ஒருவன், அவனிடம் வாங்கியவன் ஒருவன், அவனிடமிருந்து இவர்கள்.

வேலை இதுதான். ஷெட்டின் உள்ளறையில் துளி வெளிச்சம் இல்லாமல் கதவை அடைத்துக்கொள்வோம். சுருளைப் பிரித்து, பலகையில் வைத்து, கத்தியை இழுத்து, கேமராவுக்குத் தக்க துண்டுகளாக வெட்டுவோம். பழைய சுருளிலிருந்து புளித்த வாடை கிளம்பும். துண்டுகளைக் கறுப்புத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடைப்போம். பிறகு வெளியே வெயிலில் உட்கார்ந்து மைதாப் பசை தடவி லேபிள் ஒட்டுவோம்.

லேபிளில் இரண்டு நிறம் உண்டு. இது புரிந்தால்தான் மற்றது புரியும். சுருள்களில் இரண்டு ஜாதி இருந்தது. ஒன்று சிவப்பு வெளிச்சத்துக்குக் கண் தெரியாத பிலிம். அதைச் சிவப்பு பல்பின் கீழே, படம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே கழுவலாம். அதற்குப் பச்சை லேபிள். மற்றது எல்லா வெளிச்சத்துக்கும் கண் தெரியும் பிலிம். அதைக் கும்மிருட்டில்தான் கழுவ வேண்டும். சிவப்பு பல்பு பட்டாலும் கரியாகிவிடும். அதற்குச் சிவப்பு லேபிள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது ரகத்தில் நாற்பது பெட்டி மிச்சமிருக்கும்போது சிவப்பு லேபிள் தீர்ந்துபோனது.

“கெம்பு லேபிள் ஆயித்து. மிச்சத்துக்கு பச்சையே ஹாக்கி,” என்றார் ருத்ரப்பா.

நான் தயங்கினேன். “சார், பச்சைய நம்பி எவனாவது பல்பு போட்டுக் கழுவினா மொத்தமும் கரியாப் பூடும் சார்.”

சம்பந்தம் வெற்றிலை மடித்துக்கொண்டே சிரித்தார். “பூடட்டுமே. எந்த போட்டோக்காரன் கஸ்டமர்கிட்ட போய் என் கையில கெட்டுப்போச்சுன்னு சொல்லுவான்? வெளிய மூச்சு விடமாட்டான். அவன் பல்புமேலதான் அவனுக்கே சந்தேகம் வரும். புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுக்குவான். நம்ம பெட்டிமேல பழி வராது.”

“இருந்தாலும்…”

“எல்லாம் சேலம் ஈரோடு பக்கம் போற சரக்கு, மாணிக்கம். நம்ம ஸ்டுடியோவுக்கு ஒண்ணுகூட வராது. ஒட்டு.”

ஒட்டினேன். நாற்பதில் பாதிக்கு மேல் என் கையால் ஒட்டினேன். பசி நேரத்தில் அவசரமாக ஒட்டியதால் சூரியன் கொஞ்சம் கோணலாக உதித்திருந்தது.

சந்தாபுராக்காரர்

சேலம் போகிற சரக்கு அதற்கு முன்னால் எங்கெங்கோ இறங்கியிருக்கிறது. ஒரு மாதம் கழித்து, சேலம் போகிற வழியில் உள்ள சந்தாபுராவிலிருந்து ஒருவர் வந்தார். சைக்கிளிலேயே வந்திருந்தார். அங்கே சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறாராம். நாற்பது வயதுக்காரர், கையில் காகிதப் பொட்டலம்.

பொட்டலத்தில் நான்கு நெகட்டிவ். நான்கும் கரி. ஒரு பெரியவருடைய அறுபதாம் கல்யாணமாம்.

“பெரியவரு முகத்துல முழிக்க முடியல சார். இருபது வருஷமா தொழில் செய்யறேன், இப்டி ஆனதே கெடயாது. உங்க சரக்குல எதாவது…” என்று இழுத்தார்.

சம்பந்தம் உள்ளேயிருந்து என்னைப் பார்த்தார். நான் அந்த நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஓரமும் கறுத்திருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்தது.

“பல்பு எத்தினி நாளா மாத்தல?” என்று கேட்டேன்.

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“அதான். சாயம் வெளுத்திருக்கும். வெள்ளை வெளிச்சம் கசியுது. மாத்துங்க.”

அவர் முகத்தில் இருந்த சந்தேகம் போய் வெட்கம் வந்தது. தப்பு தன் மேல்தான் என்று ஒப்புக்கொண்டு, எங்களிடமே ஒரு சிவப்பு பல்பு வாங்கிக்கொண்டு, கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அதற்கு அதிக நாள் ஆகவில்லை.

எங்கள் வழக்கம்

சுசீலாவுக்கு மாப்பிள்ளை தனபால். புதிதாக வந்த சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். எங்கள் ஜனம், எங்கள் மார்க்கம். அவனுடைய பெற்றோர் இறந்துவிட்டதால் மாமன் ஒருவர்தான் எல்லாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் அவசரமாக நாள் குறித்தோம். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் பெண்ணை அழைத்துக்கொள்வதாகவும், அதுவரை அவள் எங்கள் வீட்டிலேயே இருப்பது என்றும் பேச்சு.

நாங்கள் பௌத்தர்கள். எங்கள் கல்யாணத்தில் ஐயர் இல்லை, ஹோமம் இல்லை, அம்மி மிதிப்பது இல்லை. தாலி கட்டுவதையும் எங்கள் குடும்பத்தில் அப்பா காலத்திலேயே விட்டாயிற்று. பெரியவர் ஒருவர் பஞ்சசீலம் சொல்வார். மணமக்கள் திருப்பிச் சொல்லி, மாலை மாற்றிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒரு கல்யாணமா என்று வெளியார் கேலி பேசுவார்கள். அதற்காகவே மர்பி டவுனில் எங்கள் சங்கத்தின் தலைவர் முனுசாமி மேஸ்திரி ஒரு வழக்கம் வைத்திருந்தார். சங்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கும். மாலையும் கழுத்துமாக எடுத்த போட்டோவை அதில் ஒட்ட வேண்டும். பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் படும்படி மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும். கீழே இரண்டு சாட்சி. அந்தப் பக்கம்தான் எங்களுக்கு அக்கினி.

கல்யாணத்துக்கு முதல் நாள் சம்பந்தம் என்னைக் கூப்பிட்டு, பிரிக்காத உதயபானு பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார். “சிஸ்டர் கல்யாணத்துக்கு என் அன்பளிப்பு,” என்றார். பச்சை லேபிள். சூரியன் கோணலாகத்தான் இருந்தது. நாங்கள் ஒட்டிய எல்லாமே கோணல்தானே என்று நினைத்துக்கொண்டேன். பிலிம் பஞ்ச காலத்தில் ஒரு முழுப் பெட்டி! கண்ணில் நீர் வந்துவிட்டது.

தங்கவயலிலிருந்து ஒரு பெரியவர் வந்து பஞ்சசீலம் சொன்னார். மேஸ்திரி அன்று வாணியம்பாடியில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். முற்றத்தில் ஸ்டாண்ட் கேமராவை வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தாள் சுசீலா. பதினெட்டு வயது. சிரிக்காதே என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு படம் எடுத்தேன்.

ஒரு துண்டு பிலிமைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டிச் சோதித்திருக்கலாம். அதுகூட வேண்டாம், பல்பை அணைத்துவிட்டு இருட்டிலேயே கழுவியிருக்கலாம். கை பழகிய வேலைதான். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் ரொம்பச் சாதாரணமானது. சுசீலாவின் முகம் மருந்தில் எழும்பி வருவதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

அடுத்த வாரம் ஆகட்டும்

கரியான இரண்டு பிலிம்களையும் படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ மருந்தில் போட்டு, அலசி, கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். பிறகு சம்பந்தத்திடம் போய்க் காட்டினேன்.

“சார், இது அந்த நாப்பதுல ஒண்ணு.”

அவர் பார்க்கக்கூட இல்லை. “பெட்டிமேல என்ன போட்டிருக்கோ அதுதான் உள்ள இருக்கும். பல்பைப் பாரு.”

தெரிந்தே கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா? அந்தப் பிலிமின் சொந்த ஊர் எனக்குத் தெரியாதது போலவே இதுவும் எனக்குத் தெரியாது. அவரும் செத்துப்போய்விட்டார்.

அன்றே வீட்டுக்குப் போய், படம் கெட்டுவிட்டது, மறுபடி மாலை போட்டுக்கொண்டு நில்லுங்கள் என்று சொல்லியிருந்தால் இருவரும் சிரித்துக்கொண்டே நின்றிருப்பார்கள். தனபால் அப்போது நல்லவனாகத்தான் இருந்தான். எனக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் நான் டார்க் ரூமில் புலி என்று பேச்சு. என் கையில் கெட்டது என்று எப்படிச் சொல்வது?

“பிரிண்டு ஆச்சாண்ணா?” என்பாள் சுசீலா.

“பேப்பர் வரல. அடுத்த வாரம் ஆகட்டும்.”

அடுத்த வாரம் மருந்து வரவில்லை. அதற்கடுத்த வாரம் ரிட்டச்சிங் முடியவில்லை. ஞாயிறுதோறும் தனபால் வந்து காபி குடித்துவிட்டுப் போவான். அவனும் இரண்டு தடவை கேட்டான், பிறகு கேட்பதை விட்டான். நோட்டில் பக்கம் காலியாகவே இருந்தது. போட்டோக்காரன் வெளியே மூச்சு விடமாட்டான் என்று சம்பந்தம் சொன்னாரே, என்னையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தார்.

மூன்று மாதம் போயிற்று. மழைக்காலத்தில் பஞ்சசீலம் சொன்ன பெரியவர் தங்கவயலில் காலமானார். தனபாலுக்கு உத்தியோகம் உயர்ந்தது. அவனுடைய மேலாளருக்குத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண் இருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை வருகை நின்றது. அவனுடைய மாமன் ஒரு நாள் வந்து, அன்று நடந்தது நிச்சயதார்த்தம்தான், அதை விலக்கிக்கொள்கிறோம் என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா படுத்துவிட்டாள். நான் மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் சங்கத்தைக் கூட்டினார்.

சங்கத்தில்

கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சுசீலாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுகோடி, நாற்பது பெட்டி, பச்சை லேபிள், சந்தாபுராக்காரர், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. யோசித்துவிட்டு, “அப்ப இத்த அப்டியே சங்கத்துல சொல்லுண்ணா. சொன்னா நம்புவாங்க. போட்டோ புடிச்சது நெசம், கெட்டது பிலிமுன்னு தெரிஞ்சுபூடும்,” என்றாள். அவள் குரலில் தெம்பு வந்திருந்தது.

அதன் பிறகு சம்பந்தத்தின் வீட்டுக்குப் போனேன். நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

“வந்து சொல்றேன். நாளைக்கே போலீஸ் அடுகோடிக்கு வரும். லேபிள் ஒட்டினது யாருன்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்? அம்மா படுக்கையில இருக்காங்க, வேலையும் போயிட்டா என்ன பண்ணுவே?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. போகும்போது அம்மாவுக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் முற்பகல். சங்கத்து ஹாலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் கல்யாணம் என்றார்கள். அவர்கள் ஆட்கள் நிச்சயம் என்றார்கள். தனபால் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். மேஸ்திரி நோட்டைப் பிரித்து, காலிப் பக்கத்தைத் தடவினார்.

“அன்னிக்கி நான் ஊர்ல இல்ல. பஞ்சசீலம் சொல்லி வெச்சவரு செத்துட்டாரு. இன்னாப்பா மாணிக்கம், நீதான போட்டோ புட்ச்ச? எங்க அது?”

கறுப்பு பிலிமைக் கொடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். பக்கத்து ஆளிடம் கொடுத்தார். அது வரிசையாகக் கை மாறியது. ஒவ்வொருவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். தனபாலின் மாமன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இதுல எங்க பையன் எங்க கீறான்னு யாராச்சும் காட்டுங்க. இவுருக்குத் தொழிலே இதான். ஊரான் கல்யாணமெல்லாம் நல்லா வருது, சொந்தத் தங்கச்சி கல்யாணம் மட்டும் கரியாப் பூடுச்சா? யார் காதுல பூ சுத்தற?”

சில பேர் சிரித்தார்கள். எங்கள் ஆட்களிலும் ஒருவர் சிரித்தார்.

“எப்டி கெட்டுச்சு?” என்றார் மேஸ்திரி.

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து சுசீலா எழுந்து நின்றாள். எங்கள் சங்கத்தில் பெண்கள் பேசத் தடை இல்லை, ஆனால் பேச மாட்டார்கள். அவள் பேசினாள்.

“எப்டி கெட்டுச்சுன்னு எங்கண்ணனுக்குத் தெரியும், மேஸ்திரி. அவுரு சொல்லுவாரு. சொல்லுண்ணா.”

ஹால் முழுவதும் என்னைப் பார்த்தது. போலீஸ் கண் முன்னால் வந்தது. அம்மாவின் மருந்துச் சீட்டு வந்தது. டார்க் ரூம் புலி என்ற பெயரும் வந்தது, அதை மறைக்க மாட்டேன்.

“கை தவறிடுச்சு மேஸ்திரி,” என்றேன்.

“கை தவறிடுச்சுன்னா?”

“கதவு சரியா சாத்தல. வெளிச்சம் பட்டுடுச்சு.”

சுசீலா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நான் மேலே ஏதாவது சொல்வேன் என்று நின்றாள் போலிருக்கிறது. யாரோ ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. காலிப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, “பக்கம் காலியா கீது. காலிப் பக்கத்த வெச்சிகினு நான் எவனையும் கட்டிப்போட முடியாது,” என்று நோட்டை மூடினார். அந்தச் சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு அது இன்றைக்கும் கேட்கிறது.

நாலு மாதத்தில் தனபாலுக்குக் கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. இரண்டு போட்டோக்காரர்கள் வந்து எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பாஸ்

சுசீலாவுக்கு அதற்குப் பிறகு வரன் அமையவில்லை. கல்யாணம் ஆகாதவள் என்று சொன்னால், ஆனவள்தானே என்றார்கள். ஆனவள் என்று சொன்னால், எங்கே அத்தாட்சி என்றார்கள். இரண்டு பக்கமும் மூடிவிட்டது. அவள் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள். சாப்பாடு போடுவாள், கேட்டால் பதில் சொல்வாள், சங்கத்துப் பேச்சை மட்டும் ஒரு நாளும் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

உதயபானு ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுபோனது. டப்பாக்கள் தீர்ந்திருக்கும். ஷெட்டில் யாரோ ஆணி வியாபாரம் ஆரம்பித்தார்கள். நான் சம்பந்தத்தை விட்டு விலகி, கடன் வாங்கி, மர்பி டவுனிலேயே சொந்தமாகச் சின்ன ஸ்டுடியோ வைத்தேன். நல்ல பிலிமைத் தவிர வேறெதையும் உள்ளே விடுவதில்லை என்று வைராக்கியம். யாருக்கு என்ன லாபம்?

அந்தச் சமயத்தில் மில்லில் எல்லோருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ் தரப்போவதாகச் சொன்னார்கள். அவளுடைய மில்லிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக என்னிடம் வந்தார்கள். சுசீலாவுக்காக என்று இரண்டு துண்டு நல்ல பிலிமை எடுத்துத் தனியாக வைத்தேன். இதையாவது சரியாகச் செய்ய வேண்டும், இருட்டிலேயே கழுவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து, கூடையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். கூடையின் மேலே பாஸ் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அவளுடைய போட்டோ. கல்யாணத்தன்று எடுத்ததற்குப் பிறகு அவளை யாரும் படம் எடுத்ததில்லை. முப்பதை நெருங்கிவிட்ட முகம். நெற்றி, கண், மூக்குத்தி எல்லாம் கூர்மையாக, நன்றாக வந்திருந்தது. ஓரத்தில் அல்சூர் கடைத்தெரு ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை பதிந்திருந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, என் கையில் பாஸைப் பார்த்தாள்.

“இங்க அண்ணன் ஒருத்தன் கட போட்டுகினு குந்திகினு கீறேன். அங்க போய்க் காசு குடுத்து எடுத்துகினியா?” என்று கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், குரல் வேறு மாதிரி வந்தது.

அவள் பாஸை என் கையிலிருந்து வாங்கி, ஈரம் படாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“நாளைக்கி இது நானில்லன்னு எவனாச்சும் சொன்னா, அந்தக் கடக்காரன் வந்து சொல்லுவான்ணா,” என்றாள்.